மீட்டாயிற்று, அப்புறம்?

சகோதரிகளே, பத்திரிகையில் இந்தச் செய்தியை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். "கேளிக்கை மையத்தில் அதிரடிச் சோதனை, வெளிநாட்டுப் பெண்கள் மீட்பு." பக்கத்தில் ஒரு படம். சுவரோரமாய்க் குந்தியிருக்கும் பெண்கள். முகம் தெரியாதபடி தலைமயிரை முன்னால் இழுத்து விட்டிருப்பார்கள். எதிரே சட்டைப் பையில் பேனா செருகிய அதிகாரிகள் நிற்பார்கள். நாமும் "ஐயோ பாவம்" என்றோ, "இதெல்லாம் ஒரு பிழைப்பா" என்றோ அவரவர் குணத்துக்கேற்பச் சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடுகிறோம்.

அந்தப் பெண்கள் அன்று இரவு எங்கே படுத்தார்கள்? மறுநாள் யார் அவர்களுக்கு மாற்றுத் துணி கொடுத்தார்கள்? மூன்று மாதம் கழித்து எங்கே இருந்தார்கள்? அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் செய்தி போடுவதில்லை. போட்டாலும் நாம் படிப்போமா என்பது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது அந்த மறுநாளைப் பற்றித்தான்.

"தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன சம்பந்தம், டீச்சர்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இல்லாமலா? நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த கதையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். கப்பல் கூலியும் முன்பணமும் கடனாய்க் கழுத்தில் தொங்க வந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால், பிடித்துச் சிறையில் போட அன்று சட்டமே இருந்தது. அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910 இல்தான் மலாயாவில் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் எடுப்பது அதற்குப் பிறகும் நடந்தது. 1938 இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகுதான் அதுவும் நின்றது. "தேங்காயும் மாசியும் கொழிக்கும்" என்கிற மாதிரி ஆசை வார்த்தை காட்டி ஊரிலிருந்து ஆளைக் கிளப்பிக் கொண்டுவருவது நமக்குப் புதிய கதையல்ல. அன்று கங்காணி செய்ததை இன்று ஏஜெண்டு செய்கிறான். அன்று பற்றுச்சீட்டு, இன்று கடப்பிதழ். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆள் கடத்தல் என்றவுடன் காரில் போட்டு வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் தாமாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தவர்கள். சாப்பாட்டுக் கடையில் வேலை, வீட்டு வேலை, துணிக்கடையில் வேலை என்று சொல்லிக் கூட்டி வருகிறார்கள். வந்து இறங்கியதும் கடப்பிதழ் பறிபோகிறது. சொன்ன வேலை வேறு, கிடைத்த வேலை வேறு. சம்பளம் "கடனில் கழித்தாயிற்று" என்று பதில் வருகிறது. வெளியே போனால் போலீசு பிடிக்கும் என்ற பயமே பூட்டாகிவிடுகிறது. ஆளை ஏமாற்றியோ மிரட்டியோ அவளுடைய கதியற்ற நிலையைப் பயன்படுத்தியோ இப்படி உழைப்பையோ உடலையோ சுரண்டுவதற்காகக் கொண்டுவருவதும், இடம் மாற்றுவதும், வைத்துக்கொள்வதும் எல்லாமே ஆள் கடத்தல்தான்.

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் 2007 இல் நிறைவேறி, 2008 இல் அமலுக்கு வந்தது. பிறகு 2010, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தினார்கள். சட்டத்தைப் படித்துப் பார்த்தால் குறை சொல்ல மனம் வராது. பெண் தானாகச் சம்மதித்து வந்தாள் என்று கடத்தியவன் தப்பிக்க முடியாது; சம்மதம் செல்லாது என்று பதினாறாவது பிரிவு சொல்கிறது. அவள் முன்பு எப்படிப்பட்டவளாய் இருந்தாள், யாரோடு பழகினாள் என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறது பதினேழாவது பிரிவு. கடத்தப்பட்டதன் விளைவாக அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்திருந்தாலும், தங்கியிருந்தாலும், பொய்யான தாள்களை வைத்திருந்தாலும் அவள்மீது வழக்குப் போடக் கூடாது என்கிறது இருபத்தைந்தாவது பிரிவு. படத்தையோ பெயரையோ போட்டு ஆளை அடையாளம் காட்டப் பத்திரிகைகளுக்கு அனுமதியில்லை. (முதலில் சொன்ன அந்தப் படங்களை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். முகத்தை மறைக்க வேண்டிய பொறுப்பைப் பெண்ணின் தலைமயிரிடமே விட்டுவிடுகிறார்கள்.)

இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் கோளாறு எங்கே வருகிறது என்றால், முதல் வாசலிலேயே வருகிறது.

சோதனை நடக்கிறது. முப்பது பெண்கள் அகப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களில் யார் கடத்தி வரப்பட்டவர், யார் பெர்மிட் இல்லாமல் வேலை செய்தவர் என்று அந்த இடத்திலேயே அதிகாரிகள் பிரிக்க வேண்டும். "பாதிக்கப்பட்டவர்" என்று எழுதினால் காப்பகம். எழுதாவிட்டால் குடிநுழைவுத் தடுப்பு முகாம், வழக்கு, பிறகு ஊருக்குத் திருப்பி அனுப்புதல். ஒரே விசிறிக்குக் கீழே ஒரே தட்டில் சாப்பிட்ட இருவரில் ஒருத்தி சாட்சி, மற்றவள் குற்றவாளி. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டவள் எதையும் சொல்ல மாட்டாள். "போலீசில் வாயைத் திறந்தால் உன் பிள்ளையை ஊரில் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜெண்டு ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பான். தூக்கமின்றி, பசியோடு, அறியாத பாஷையில் கேட்கும் கேள்விக்கு அவள் கொடுக்கும் அரைகுறைப் பதில் அவள் தலைவிதியை எழுதிவிடுகிறது.

பாஷை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பட்டணத்துக் கோயிலில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். நாற்பது வயதிருக்கும். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. கோயில் தலைவரின் மனைவி விசாரித்தபோதுதான் கதை வெளியே வந்தது. தமிழ்நாட்டில் கணவரை இழந்தவள். சமையல் வேலை, மாதம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி என்று சொல்லிச் சுற்றுலாப் பாஸில் கூட்டி வந்திருக்கிறார்கள். வந்த பிறகு ஒரு வீடு அல்ல, அண்ணன் தம்பி அக்காள் என்று மூன்று வீட்டு வேலை. பதினான்கு மாதத்தில் ஊருக்குப் போன பணம் இரண்டு தடவை மட்டும். கடப்பிதழ் வீட்டம்மாவின் அலமாரியில். போலீசு நிலையத்துக்குப் போக வேண்டும், மலாய் பேச ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள்.

அங்கே இருந்த இளம் அதிகாரி நல்ல பிள்ளை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவர் கேட்டதும் இவள் சொன்னதும் இரண்டு தண்டவாளம் போல ஓடின. "உங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தார்களா?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "இல்லைங்க, நானாத்தான் வந்தேன். அவுங்க டிக்கட்டு எடுத்துக் குடுத்தாங்க" என்றாள். "அடித்தார்களா?" "அடிக்கலைங்க. சோறு போட்டாங்க. பெரியம்மாதான் வாய் கொஞ்சம் அதிகம்." போட்ட சோற்றுக்கு விசுவாசமாய்ப் பேசுவது நம் பெண்களின் வழக்கம். எழுதும் தாளில் அது எப்படி விழும்? தானாக வந்தாள், துன்புறுத்தல் இல்லை, சுற்றுலாப் பாஸ் காலாவதி. அவ்வளவுதான், கதை முடிந்தது.

இன்னொன்று. "சம்பளம் கொடுக்கவில்லையா?" என்று அதிகாரி நேராக அவளிடமே கேட்டபோது, இவள் நம்மவர் ஆட்டுவதுபோல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். நமக்கு அது "ஆமாம்". அவருக்கு அது "இல்லை". நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் அந்த ஒரு தலையாட்டலிலேயே பதினான்கு மாதச் சம்பளம் கணக்கில் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

கேள்வியை வேறு மாதிரி கேட்கச் சொன்னேன். "வேண்டாம் என்று நீ புறப்பட்டுப் போயிருக்க முடியுமா?" "எப்படிங்க போறது? பாஸ்போட்டு அவுங்ககிட்ட. வெளியே போனா உள்ள தள்ளிருவாங்கன்னு சொன்னாங்க. கையில ஒத்தக் காசு கிடையாது." இப்போது அதிகாரி பேனாவை எடுத்தார். ஏமாற்றிக் கூட்டி வந்து, கதியற்ற நிலையைப் பயன்படுத்துவதும் ஆள் கடத்தலே என்பதை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் அந்தத் தெளிவு சட்டப் புத்தகத்திலிருந்து இறங்கி, இரவுப் பணியில் இருக்கும் அதிகாரியின் மேசைக்கு வர வேண்டுமே.

தமிழ் பேசும் பெண்ணுக்கே, தமிழர் நிறைந்த ஊரிலேயே இந்த நிலை. வியட்நாமிலிருந்தும் லாவோசிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவளுக்கு யார் இருக்கிறார்கள்? மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை காப்பகத்திலும் தொடர்கிறது, நீதிமன்றத்திலும் தொடர்கிறது. மனநல ஆலோசகர் எதிரே உட்கார்ந்தாலும் பேச்சு இல்லை. மனப் புண்ணுக்குப் பேச்சுதான் மருந்து என்றால், பாஷை தெரியாத ஆலோசகர் பூட்டிய மருந்துப் பெட்டி மாதிரி.

சரி, பாதிக்கப்பட்டவர் என்று எழுதியாயிற்று. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மஜிஸ்திரேட் முன் கொண்டுபோகிறார்கள். இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைக்கிறது. முன்பு பதினான்கு நாள் என்று இருந்தது, 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருபத்தொரு நாளாக்கினார்கள். விசாரணை முடிந்து, இவள் கடத்தப்பட்டவள்தான் என்று உறுதியானால் முழு ஆணை. வெளிநாட்டவர் என்றால் மூன்று மாதம் வரை. வழக்கு இழுத்தால் அதை நீட்டிப்பதும் உண்டு. குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்றால் இரண்டு ஆண்டு வரை. மகளிர் அமைச்சின் பொறுப்பில் உள்ள காப்பகங்களில் தங்க வைக்கிறார்கள். சில காப்பகங்களைத் தொண்டு அமைப்புகள் நடத்துகின்றன.

காப்பகம் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு அநாதை இல்லம், முதியோர் இல்லம் ஞாபகம் வரும். இது அப்படியல்ல. வேலி உண்டு, காவல் உண்டு. நினைத்தபோது வெளியே போக முடியாது. கைப்பேசி வைத்துக்கொள்ள முடியாது. குறித்த நேரத்தில் அளந்துதான் பேச்சு. ஆணை முடியுமுன் தப்பிப் போனால் பிடித்து மறுபடி கொண்டுவந்து விடச் சட்டம் இடம் தருகிறது. அடைத்து வைத்திருந்தவனிடமிருந்து மீட்டுக்கொண்டு வந்து நாமும் அடைத்து வைக்கிறோம். ஒரு பெண்ணுக்கு இரண்டு பூட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் தெரியப் போகிறது?

அதிகாரிகள் சொல்லும் காரணத்தையும் தள்ளிவிட முடியாது. கடத்தல் கும்பல் தேடி வரும். வெளியே விட்டால் மறுபடி அதே கையில் சிக்குவாள். வழக்குக்குச் சாட்சி இல்லாமல் போகும். கடைசிக் காரணத்தில்தான் எனக்கு ஒரு நெருடல். அவள் அங்கே இருப்பது அவள் உடம்பும் மனமும் தேற வேண்டும் என்பதற்காகவா, அரசாங்கத் தரப்பு வழக்கறிஞருக்குச் சாட்சி வேண்டும் என்பதற்காகவா? இரண்டாவதுதான் முதலிடம் பிடிக்கிறது. சாட்சியத்தை முன்கூட்டியே மஜிஸ்திரேட் முன் பதிவு செய்துகொண்டு ஆளை அனுப்பிவிடலாம் என்று ஐம்பத்திரண்டாவது பிரிவு வழி விட்டிருக்கிறது. அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தினால் எத்தனையோ பேர் பிள்ளைகளைப் போய்ச் சேர்வார்கள்.

இந்தப் பூட்டின் வயது நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் என்று சொன்னால் வியப்பாயிருக்கும். 1880களில் சிங்கப்பூரில், சீனர் பாதுகாவலர் அலுவலகத்தின் கீழ், போ லியுங் குக் என்ற இல்லம் ஏற்பட்டது. விலைமாதர் விடுதிகளுக்கு விற்கப்பட்ட சீனப் பெண்களை மீட்டு அங்கே வைத்தார்கள். தையல், சமையல் கற்றுக்கொடுத்தார்கள். வெளியே விடவில்லை. அங்கிருந்து பெண் கேட்டு ஆண்கள் மனுப் போடுவார்கள், விசாரித்துக் கட்டிக்கொடுப்பார்கள். கல்யாணம்தான் பல பெண்களுக்கு வெளியே போகும் வாசல். அந்தக் காலத்து நல்லவர்கள் அதை நல்லதென்றே நம்பிச் செய்தார்கள். மீட்ட பெண்ணைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டிய பொருளாகப் பார்க்கும் பார்வை அன்றிலிருந்து இன்னும் முழுதாய்ப் போகவில்லை.

2015 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். காப்பகத்தில் இருக்கும் வெளிநாட்டுப் பெண் வெளியே நடமாடவும், வேலை செய்து சம்பாதிக்கவும் அனுமதி கேட்கலாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் பரிசோதனை, ஆபத்து இருக்கிறதா என்ற ஆய்வு, இலாகாக்களின் ஒப்புதல், வேலை கொடுக்க ஒரு முதலாளி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள். ஆணையே மூன்று மாதம்தான். படியேறி முடிப்பதற்குள் நாள் ஓடிவிடுகிறது. அனுமதி பெற்று வேலைக்குப் போனவர்கள் மிகச் சிலர்தான்.

வேலைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், பெண்ணின் மனதில் ராத்திரி பகலாக ஓடுவது கடன்தான். ஊரில் நகையை அடகு வைத்திருப்பாள், மாட்டை விற்றிருப்பாள், வட்டிக்கு வாங்கியிருப்பாள். வட்டிக்காரனுக்குக் காப்பகமும் தெரியாது, மஜிஸ்திரேட்டும் தெரியாது. ஐந்து மாதம் காப்பகத்தில் சும்மா இருந்தால் ஐந்து மாத வட்டி. நான் சொன்ன அந்த அம்மாள் வாரம் ஒரு முறை கிடைத்த தொலைபேசிப் பேச்சில் மகளிடம் கேட்ட முதல் கேள்வி, "கொழு கொடுத்தாச்சா, தவணை கேட்டு வந்தாங்களா?" என்பதுதானாம். எத்தனையோ பெண்கள் "எனக்கு வழக்கும் வேண்டாம், காப்பகமும் வேண்டாம், அனுப்பி விடுங்கள்" என்று கெஞ்சுவதற்கு இதுவே காரணம். அப்படிக் கெஞ்சும்போது, "பார்த்தீர்களா, ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாள்" என்று அவள் தலையிலேயே பழி விழுகிறது.

சம்பளப் பாக்கிக்கும் சட்டத்தில் வழி உண்டு. குற்றம் நிரூபணமானால் நஷ்டஈடு கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். தண்டனை கிடைக்காமல் போனால்கூட, கொடுக்காத சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லலாம். இதுவும் 2015 ஆம் ஆண்டு வந்ததே. ஆனால் கணக்கு வேண்டுமல்லவா? எந்த மாதம் எவ்வளவு, எத்தனை நாள் வேலை என்று யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? செக்ரோல் பார்த்துப் பழகிய தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும், எழுத்தில் இல்லாத நாள் உழைக்காத நாள்தான். அவள் ஊருக்குப் போன பிறகு அந்தப் பணத்தை யார் துரத்திப் பிடித்து அனுப்புவது என்பது அடுத்த கேள்வி. எனக்குத் தெரிந்த அந்த அம்மாளுக்குக் கடைசியில் ஒரு பகுதி வந்து சேர்ந்தது. அதுவும் ஒரு வழக்கறிஞர் அம்மையார் காசு வாங்காமல் நடையாய் நடந்ததால்.

நோய், பிரசவம், பிள்ளை இவை பற்றி ஒரு சொல். காப்பகத்தில் இருப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆள் உண்டு. பாதிக்கப்பட்டவர் என்ற தாள் கையில் இல்லாதவளின் பாடுதான் திண்டாட்டம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம் நம் கட்டணத்தைவிடப் பல மடங்கு. தாள் இல்லாதவர்கள் வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2001 இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதனால் காய்ச்சலோடும் கர்ப்பத்தோடும் ஒளிந்தே கிடக்கிறார்கள். பிறக்கும் பிள்ளைக்குத் தாளில்லாமல் போவதைப் பள்ளிக்கூடத்து வாசலில் நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். அது தனிக் கட்டுரைக்கு உரிய சோகம்.

அரசாங்கம் விட்ட இடத்தைத் தொண்டு அமைப்புகள்தாம் தாங்கிப் பிடிக்கின்றன. தெனாகானித்தா என்ற பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1991 இல் அதைத் தொடங்கிய ஐரின் பெர்னாண்டஸ் ரப்பர்த் தோட்டச் சூழலில் வளர்ந்தவர், ஆசிரியையாய் இருந்தவர். (எங்கள் தொழிலுக்கு அதில் ஒரு பெருமை.) தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் படும் பாட்டை 1995 இல் அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக மறு ஆண்டு அவர்மீதே வழக்குப் பாய்ந்தது. 2003 இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2008 இல் விடுதலையானார். பன்னிரண்டு ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார். 2014 இல் காலமானார். இன்றும் இத்தகைய அமைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு நன்கொடையை நம்பித்தான் ஓடுகின்றன. பணம் வந்தால் ஆலோசகர் இருப்பார், வராவிட்டால் போய்விடுவார். ஒரு பெண் மனம் திறந்து பேசத் தொடங்கும் நேரத்தில் எதிரே இருந்த ஆலோசகர் மாறிப்போனால், அவள் மறுபடி முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். போலீசில் ஒரு தடவை, காப்பகத்தில் ஒரு தடவை, மருத்துவரிடம் ஒரு தடவை, வழக்கறிஞரிடம் ஒரு தடவை, நீதிமன்றத்தில் ஒரு தடவை. புண்ணைக் குத்திக் குத்திக் காட்டச் சொல்வதல்லவா இது?

வெளிநாட்டுப் பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தச் சட்டம் நம் பெண்களுக்கும் உரியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மேம்பாட்டுக்கென்று விற்கப்பட்டும் நம் குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்ணுக்கு "நல்ல சம்பளம், தங்க இடம், சும்மா விருந்தினரை உபசரித்தால் போதும்" என்று ஆள் சொல்லி வருகிறான். அண்மை ஆண்டுகளில் கம்போடியாவிலும் மியன்மாரிலும் கணினி வேலை என்று கூட்டிப்போய், அடைத்து வைத்து மோசடி வேலை செய்ய வைத்த கூட்டங்களிடம் நம் நாட்டுப் பிள்ளைகளும் அகப்பட்டார்கள். திரும்பி வந்தவர்களுக்கு அடையாள கார்டு இருக்கிறது, தடுப்பு முகாம் இல்லை, உண்மைதான். ஆனால் அவர்களுடைய காப்பகம் நம் லயம்தான். அந்த லயத்தில் அவர்களை எப்படி வைத்துக்கொள்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், பெயரும் ஊரும் வேண்டாம், இப்படித் திரும்பி வந்தாள். ஆறு மாதம் கழித்து அவளே மறுபடி பட்டணத்துக்குப் போய்விட்டாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை அவளைத் தாண்டி நீட்டினார்கள். தங்கைக்கு வந்த வரன் தட்டிப் போனதும், "உன்னால்தான்" என்று அம்மாவே சொன்னாள். ஏஜெண்டு சங்கிலி போட்டுக் கொண்டுபோனதை நாம் சாடையால் செய்து முடித்தோம். அவளைத் தேடி வந்த சமூக நல இலாகா அதிகாரிக்கு மாவட்டம் முழுவதும் பார்க்க வேண்டிய கோப்புகள் இருந்தன. இரண்டு தடவை வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது வீட்டில் அவள் இல்லை.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைத் தொழிற்சங்கமும் மாதர் பகுதிகளும் கேட்கட்டும். காப்பகத்துக் கதவைத் திறந்து வைக்கக் கேட்கட்டும். முதல் விசாரணையிலேயே மொழி தெரிந்த பெண் ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கட்டும். தமிழ் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள், தாதியர் எத்தனை பேர் நம்மிடையே இருக்கிறார்கள்! ஒரு பட்டியல் எழுதி மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து வைத்தால் எத்தனை தலையாட்டல்கள் சரியாக எழுதப்படும்!

நம் கையில் இருப்பதைச் சொல்கிறேன். வேலைக்கென்று வெளியூர் போகும் மகளின் கடப்பிதழையும் வேலைத் தாளையும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது குற்றம். 1966 ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது தண்டனைக்குரியது. உங்களிடம் ஒருவர் வேலை செய்தாலும் இதே சட்டம்தான். வேலை செய்த நாளையும் வாங்கிய பணத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் தேதியோடு எழுதப் பழக்குங்கள். பின்னால் நீதிமன்றத்தில் அந்த இரண்டு வெள்ளிப் புத்தகம் பேசும்.

அண்டை வீட்டிலோ கடையின் பின்கட்டிலோ வெளியே வராத பெண் ஒருத்தியைப் பார்த்தால், நீங்களே போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அன்றிரவே அவளை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம். ஆபத்து என்றால் 999. வீட்டு எண், தெருப் பெயர், எத்தனை நாளாய்ப் பார்க்கிறீர்கள், வந்து போகும் வண்டியின் எண், இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அவள் எந்த மொழி பேசுகிறாள் என்று தெரிந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.